உங்க ஃபில்டர் காபிக்குக் குறி வைக்கும் வண்டு... வெயில் அடிச்சா இதுக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை வந்தால்தான் நம்மில் பலருக்கு அன்றைய நாளே ஆரம்பிக்கும். காபிப்பொடிக் கடைக்குப் போனால், 'பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி கொஞ்சமா போடுங்க' என்று கணக்குப் பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்கள் நாம். அந்தப் 'பிளான்டேஷன் ஏ' என்பது எதன் பெயர் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? பழத்தின் தோலை நீக்கி, கழுவிப் பதப்படுத்திய அராபிகா கொட்டையைத் தரம் பிரித்து வைத்த பெயர் அது. ஏற்காட்டிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழநி மலை ஊர்களிலும், கர்நாடகத்தின் சிக்மகளூர், குடகுப் பகுதிகளிலும் நிழல் மரங்களுக்குக் கீழே வளரும் அதே அராபிகா.

அப்படியொரு தோட்டத்துக்குள் நீங்கள் நடந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் பச்சைப்பசேலென்று செடிகள். நடுவில் ஒரே ஒரு செடி மட்டும் இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் இல்லையோ என்று நினைப்பீர்கள். பக்கத்துச் செடிக்கும் அதே மழைதானே! உரம் போதவில்லையோ? அதுவும் எல்லாச் செடிக்கும் ஒன்றுதான். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். நேராகக் குனிந்து தண்டைத் தடவிப் பார்ப்பார்கள். பட்டைக்கு அடியில் நரம்பு புடைத்ததுபோல மேடு மேடாகக் கையில் தட்டுப்பட்டால் விஷயம் முடிந்தது. 'போரர்' விழுந்துவிட்டது!

தோட்டக்காரர்கள் 'போரர்' என்று சுருக்கமாகச் சொல்வது, வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டைத்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தென்னிந்திய அராபிகாவைப் படாதபாடு படுத்திக்கொண்டிருக்கும் ஆள் இது. 'ஒரு வண்டுக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று கேட்கலாம். இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அப்படிக் கேட்க மாட்டீர்கள். உங்கள் டம்ளர் காபிக்கும் ஒரு பலாமரத்து நிழலுக்கும் என்ன சம்பந்தம் என்பதும் அப்போதுதான் புரியும்.

நீள்கொம்பு வம்சம்!

இந்த வண்டு, நீள்கொம்பு வண்டுகள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுக்க 30,000-க்கும் அதிகமான இனங்கள் இந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. பல இனங்களுக்கு உணர்கொம்பு உடம்பைவிட நீளமாக, மாட்டுக்கொம்பு போல வளைந்திருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அமேசான் காடுகளில் வாழும் டைட்டன் வண்டும் இதே குடும்பம்தான். அதன் உடம்பு 16 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை நமக்கு எதிரிகள் இல்லை. காட்டில் விழுந்து கிடக்கும் மரங்களையும் காய்ந்த கிளைகளையும் குடைந்து, மக்கவைத்து, மண்ணோடு மண்ணாக்கும் வேலையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தத் துப்புரவுப் பணியாளர்கள் இல்லையென்றால் செத்த மரங்கள் மக்குவதற்கு இன்னும் அதிக காலம் பிடிக்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், சில இனங்கள் உயிரோடு இருக்கும் மரத்தைத் தேடி வருகின்றன. மாமரத்தின் தண்டைத் துளைப்பது ஒரு நீள்கொம்பு வண்டு. ஆப்பிரிக்கக் காபித் தோட்டங்களைப் பதம் பார்ப்பது இன்னொன்று. நம் ஊர் அராபிகாவுக்கு வாய்த்தது இந்த வெள்ளைத் தண்டுத் துளைப்பான்.

இதன் அறிவியல் பெயர் சைலோட்ரீகஸ் குவாட்ரிபெஸ். 'சைலோ' என்றால் கிரேக்கத்தில் மரம். 'ட்ரீகஸ்' என்ற பகுதி, ஓடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மரத்தில் ஓடுபவன்! பொருத்தமான பெயர்தான். நல்ல வெயில் நேரத்தில் காபித் தண்டின் மேல் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒல்லியான உடம்பு, கறுப்பு நிறம், அதன்மேல் வெளிறிய வெள்ளைக் கோடுகள். ஆணைவிடப் பெண் கொஞ்சம் பெரியது. நீள்கொம்புக் குடும்பத்தில் பிறந்தும் இதற்குக் கொம்பு குட்டைதான். உடம்பு நீளத்தைக்கூட எட்டாது.

'வெள்ளை' என்று பெயரில் இருக்கிறதே, வண்டு கறுப்பாக இருக்கிறதே என்கிறீர்களா? அந்த வெள்ளை, தண்டுக்குள் இருக்கும் புழுவின் நிறம். காபித் தண்டைத் துளைக்கும் இன்னொரு புழுவும் உண்டு. அது சிவப்பு, வளர்ந்தால் அந்துப்பூச்சியாக மாறும். அதற்குச் சிவப்புத் துளைப்பான் என்று பெயர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த நிறக் கணக்கு.

ஒரு மாசம் வெளியே... மிச்ச நாள் எல்லாம் உள்ளே!

நம் கண்ணில் படுவது வண்டு. ஆனால், வண்டாக இது வாழ்வது ஏறக்குறைய ஒரு மாதம்தான். முட்டையிலிருந்து வண்டு வரை முழு வாழ்க்கைக்கும் சுமார் ஒரு வருடம் ஆகிறது. அதில் பெரும்பகுதி மரத்துக்குள் இருட்டில் கழிகிறது.

தென்னிந்தியத் தோட்டங்களில் வண்டுகள் வெளியே வந்து பறக்கும் பருவம் வருடத்துக்கு இரண்டு. ஒன்று, மழைக்கு முந்தைய ஏப்ரல், மே. இன்னொன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இந்த மாதங்களில் வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில்தான் ஆணும் பெண்ணும் சந்திக்கின்றன.

அந்தச் சந்திப்பே சுவாரஸ்யமானது. பல பூச்சி இனங்களில் பெண் வாசனை விடும், ஆண் தேடி வரும். இங்கே கதை தலைகீழ். ஆண் வண்டு ஒரு வேதிப்பொருளைக் காற்றில் பரப்புகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பெண் வண்டு அதைத் தேடி வருகிறது. இந்தக் குறிப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இணைசேர்ந்த பெண் வண்டு முட்டையிட இடம் தேடும். வழவழப்பான தண்டு அதற்கு வேண்டாம். வெடிப்பும் செதிலுமாகச் சொரசொரப்பாக இருக்கும் பட்டைதான் வேண்டும். தடித்த தண்டையும் அதிலிருந்து பிரியும் பருத்த கிளைகளையும் சுற்றிச்சுற்றி வந்து, பட்டை இடுக்கில் ஒன்றிரண்டாக, சில இடங்களில் சின்னக் கொத்தாக முட்டைகளைச் செருகி வைக்கும். ஒரு பெண் வண்டு 50 முதல் 100 முட்டைகள் வரை இடக்கூடும். பத்து நாட்களுக்குள் அவை பொரிந்துவிடும்.

பொரிந்து வரும் புழு மிகச் சிறியது. முதல் சில வாரங்கள் அது பட்டைக்கு அடியிலேயே மேய்கிறது. வெளியே நமக்குக் கையில் தட்டுப்படும் மேடுகள் இந்தக் கட்டத்தில் உருவாகுபவைதான். தாடை நன்றாக வலுத்ததும் புழு கட்டைக்குள் இறங்குகிறது. அதன்பிறகு மேலே, கீழே, குறுக்கே என்று எல்லாத் திசையிலும் சுரங்கம்தான். சில நேரம் வேர் வரைக்கும்கூடப் போய்விடும். சுமார் பத்து மாதங்கள் இப்படியே ஓடும்.

வளர்ச்சி முடிந்ததும் புழு பட்டைக்குப் பக்கத்தில் வந்து ஓர் அறை குடைந்து, அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக மாறுகிறது. உடனே கிளம்பாது. சில நாள் உள்ளேயே இருந்து உடம்பை இறுக்கிக்கொண்டு, பிறகு பட்டையைக் கடித்து வட்டமாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அந்த ஓட்டையை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால், ஆள் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த செடியில் முட்டையும் வைத்திருக்கலாம்.

மரத்தைத் தின்று எப்படி வளருது?

கட்டையைக் கடித்து யாராவது உடம்பைத் தேற்ற முடியுமா? கஷ்டம்தான். மரத்தில் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸும் லிக்னினும். புரதம் ரொம்பவே குறைவு. இந்தச் சத்தில்லாத சாப்பாட்டை வைத்து வளர வேண்டியிருப்பதால்தான் மரம் துளைக்கும் புழுக்களுக்கு வளர்ச்சி மெதுவாக இருக்கிறது. இலை தின்னும் புழு பல, சில வாரங்களில் வளர்ந்துவிடும். கட்டை தின்னும் புழுவுக்கு மாதங்கள் வேண்டும். நீள்கொம்பு வண்டுகளில் சிலவற்றுக்கு வருடங்களே ஆகும். குடலில் சுரக்கும் நொதிகளும் அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கின்றன.

உடம்பமைப்பும் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். தலைக்குப் பின்னால் அகலமான மார்பு, வாலை நோக்கிப் போகப்போகக் குறுகும் உடல், கால்கள் இல்லை என்றே சொல்லிவிடலாம். நடந்து போகத்தான் கால் வேண்டும், சுரங்கத்துக்குள் உடம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போக எதற்கு? சக்தி முழுவதும் தாடையில்தான்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று இருக்கிறது. கடித்த மரத்தூளையும் தன் கழிவையும் இந்தப் புழு வெளியே தள்ளுவதில்லை. தான் வந்த வழியிலேயே இறுக்கமாக அடைத்துக்கொண்டு முன்னே போகிறது. சிவப்புத் துளைப்பான் ஓட்டை போட்டுக் கழிவை உருண்டை உருண்டையாக வெளியே தள்ளிவிடும். செடிக்கடியில் அந்த உருண்டைகளைப் பார்த்ததுமே அகப்பட்டுக்கொள்ளும். வெள்ளைத் துளைப்பான் அந்தத் தடயத்தைக்கூட விடுவதில்லை. அடைத்த தூள் அதற்குக் கதவும் ஆகிவிடுகிறது. எதிரிப் பூச்சிகள் பின்னாலேயே வர முடியாது, நாம் அடிக்கும் மருந்தும் உள்ளே போகாது.

செடி போனா போகட்டும்னு விட முடியாதா?

ஒரு காபிச் செடி என்பது கத்திரிச் செடி மாதிரி இல்லை. அராபிகா நட்டு மூன்று, நான்கு வருடங்கள் ஆன பிறகுதான் கொஞ்சம் பழம் கண்ணில் படும். நல்ல மகசூலுக்கு இன்னும் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். அதன்பிறகு நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் பலன் கொடுக்கும். அதாவது, முதல் சில வருடங்கள் களை எடுப்பது, உரம் போடுவது, கவாத்து செய்வது என்று செலவு மட்டும்தான். வரவு பின்னால்தான்.

வண்டு தாக்கும் கட்டத்தைப் பாருங்கள். புழு தண்டைச் சுற்றிக் குடையும்போது, வேரிலிருந்து தண்ணீர் ஏறும் பாதையும் இலையிலிருந்து உணவு இறங்கும் பாதையும் அறுபடுகின்றன. ஏழெட்டு வயதுக்குட்பட்ட செடியின் தண்டு மெலிது. ஒரே பருவத்தில் செத்துவிடும். வயதான செடியாக இருந்தால் சில வருடங்கள் தாக்குப்பிடிக்கும். ஆனால் மகசூல் குறையும், கொட்டை சிறுத்துப் பதராகும். சரியாகப் போட்ட காசைத் திருப்பித் தர ஆரம்பிக்கும் நேரத்தில் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டிவந்தால் எப்படியிருக்கும்!

பிடுங்கிய இடத்தில் புதுக் கன்று வைக்கலாம்தான். மறுபடியும் முதலிலிருந்து அதே காத்திருப்பு. இந்தியாவில் காபி விவசாயிகளில் மிகப் பெரும்பான்மையினர் 10 ஹெக்டேருக்கும் குறைவான நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். அவர்களுக்கு நூறு செடி போவது என்பது பெரிய எஸ்டேட்டில் நூறு செடி போவது போன்றதில்லை. பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் அந்த நூறு செடிக்குள் இருக்கலாம்.

ராபஸ்டாவை விட்டுவிட்டு அராபிகாவை மட்டும் ஏன்?

நம் நாட்டில் விளையும் காபி பெரும்பாலும் இரண்டே வகை. மென்மையான வாசனையும் லேசான புளிப்பும் கொண்ட அராபிகா ஒன்று. கசப்பும் திடமும் கொண்ட ராபஸ்டா இன்னொன்று. சந்தையில் பொதுவாக அராபிகாவுக்குத்தான் கூடுதல் விலை. வண்டுக்கும் அந்த ருசி தெரியும்போல! ராபஸ்டாவை இது அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அராபிகாதான் இதன் முக்கிய இலக்கு.

போதாக்குறைக்கு, இலைத் துரு என்ற பூஞ்சை நோயும் அராபிகாவைத்தான் அதிகம் தாக்குகிறது. ஒரு பக்கம் துரு, இன்னொரு பக்கம் துளைப்பான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பல விவசாயிகள், நிலமும் உயரமும் ஒத்துவந்த இடங்களில் ராபஸ்டாவுக்கு மாறினார்கள். இன்றைக்கு இந்தியாவில் விளையும் காபியில் சுமார் 70 சதவிகிதம் ராபஸ்டாதான். இதற்கு மகசூல், விலை, ஆள்கூலி என்று பல காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களில் இந்த வண்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால், தமிழ்நாட்டின் பழநி மலையும் ஏற்காடும் பெரும்பாலும் அராபிகா பூமி. 'அப்ப மாத்திக்க வேண்டியதுதானே' என்று அங்கே சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

எழும்பூர் மியூசியத்தில் இருந்த டாக்டர் சொன்ன ரகசியம்!

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம். 1860-களில் குடகு, மைசூர், வயநாடு பகுதிகளின் காபித் தோட்டங்களை இந்தப் போரர் சூறையாடியது. காட்டைத் திருத்தி ஆசை ஆசையாகக் காபி நட்ட ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் மிரண்டு போனார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்த்து வரும் பொறுப்பு, மதராஸ் அரசின் மருத்துவரான ஜார்ஜ் பிடி என்பவரிடம் வந்தது. பிற்காலத்தில் நம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பல வருடங்கள் இருந்தவர் இவர்தான்.

தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து, 1869-ல் தன் அறிக்கையை வெளியிட்டார் பிடி. அதில் அவர் கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் இன்றுவரை மாறவில்லை. நிழல் இருக்கும் தோட்டங்களில் போரர் தாக்குதல் குறைவு. மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு வெட்டவெளியில் வளர்த்த தோட்டங்களில் அதிகம்.

காரணம் வண்டின் குணத்தில் இருக்கிறது. இது வெயில் விரும்பி. வெளிச்சமும் சூடும் இருக்கும்போதுதான் சுறுசுறுப்பாக ஓடும், பறக்கும், இணைசேரும், முட்டையிடும். முட்டை வைக்கவும் வெயில் படும் தண்டையே தேடிப் போகும். மேகமூட்டமான நாளில் மந்தமாகிவிடும். இன்னொரு பக்கம், அராபிகா என்பது எத்தியோப்பியாவின் மலைக்காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்ந்த செடி. நிழல்தான் அதன் பிறந்த வீடு. அதைக் கொண்டுவந்து உச்சி வெயிலில் நிறுத்தினால் செடி வாடும், வண்டு கொண்டாடும்.

அதாவது, இந்த வண்டு நேற்று எங்கிருந்தோ புதிதாக வந்து இறங்கிய எதிரி இல்லை. ஆசியாவின் இந்தப் பகுதியைச் சேர்ந்த பூச்சிதான். அதற்குப் பிடித்த மாதிரி வெயிலை நாம்தான் திறந்துவிட்டோம்.

மருந்து அடிச்சா போகாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. அடித்துப் பார்த்தார்கள். பல வருடங்கள் லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைத் தண்டில் பூசுவதுதான் வழக்கமாக இருந்தது. மண்ணிலும் உடம்பிலும் நெடுங்காலம் தங்கிவிடக்கூடிய நஞ்சு அது. இப்போது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வேறு மருந்துகளும் வந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். மருந்து தண்டின் மேல் இருக்கிறது, புழுவோ கட்டைக்கு உள்ளே, தன் மரத்தூள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. வண்டு வெளியே திரியும் நாட்களும், முட்டை பொரிந்து புழு பட்டைக்கடியில் இருக்கும் சில வாரங்களும்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் மருந்துக்குக் கொடுத்த காசு தண்டம்.

அதனால்தான் இப்போது ஒரே ஆயுதத்தை நம்புவதில்லை. சிக்மகளூர் மாவட்டம் பாலெஹொன்னூரில் 1925-ல் தொடங்கப்பட்டு, இன்று மத்திய காபி ஆராய்ச்சி நிலையமாக இருக்கும் மையமும், நம் தாண்டிக்குடியில் இருக்கும் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் சொல்வது, பல சின்னச் சின்ன வேலைகளைச் சரியான மாதத்தில் செய்வதைத்தான்.

கண்டுபிடி... பிடுங்கு... எரி! வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், தோட்டம் முழுக்க ஒவ்வொரு செடியாகத் தடவிப் பார்க்கிறார்கள். இதற்கு 'ட்ரேஸிங்' என்று பெயர். மேடு தட்டுப்பட்ட செடியை வெட்டிப் பார்த்து, புழு இறங்கியிருக்கும் இடம் வரைக்கும் நீக்கி எரித்துவிடுவார்கள். வேர் வரை போயிருந்தால் செடியையே பிடுங்க வேண்டும். இங்கே 'எரிப்பது' ரொம்ப முக்கியம். 'விறகுக்கு ஆகுமே' என்று வெட்டிய தண்டைக் கொட்டகையில் அடுக்கி வைத்தால், உள்ளே இருக்கும் புழு அங்கேயே வளர்ந்து வண்டாகி வெளியே வந்துவிடும். செடி செத்தாலும் புழு சாவதில்லை.

தண்டைத் தேய்த்து விடு! பெண் வண்டுக்குச் சொரசொரப்பான பட்டைதான் வேண்டும் என்று பார்த்தோம் இல்லையா? அதைக் கொடுக்காமல் விட்டால்? தேங்காய் நாரில் செய்த கையுறையாலோ, சாக்குத் துணியாலோ தண்டைத் தேய்த்து, உரியும் செதில்களை எடுத்துவிடுகிறார்கள். வழவழவென்று இருக்கும் தண்டில் முட்டையைச் செருக இடம் கிடைப்பது கஷ்டம். இடுக்கில் ஏற்கெனவே வைத்த முட்டைகளும் இதில் நசுங்கும். கத்தி, அரிவாளால் சுரண்டக் கூடாது. பட்டைக்குக் காயம் பட்டால் அது வேறு வம்பு.

சுண்ணாம்புப் பூச்சு! பத்து சதவிகிதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டில் பூசுவதும் நல்ல தடுப்பு. அதன் மேல் முட்டையிட வண்டுக்குப் பிடிப்பதில்லை. அடுப்படியில் கிடைக்கும் பொருளை வைத்துச் செய்வது மாதிரி எளிமையான வைத்தியம்.

வாசனைப் பொறி! ஆண் வண்டின் வாசனையைத் தேடிப் பெண் வண்டு வரும் என்று நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். அந்த வேதிப்பொருளை ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டு, ஆய்வகத்தில் தயாரித்தார்கள். அதை வைத்த இனக்கவர்ச்சிப் பொறிகளைப் பறக்கும் பருவத்தில் தோட்டத்தில் தொங்கவிட்டால், இணை தேடி வரும் பெண் வண்டு பொறியில் மாட்டிக்கொள்ளும். எந்தெந்தப் பக்கம் வண்டு அதிகம் என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

படிக்கும்போது எல்லாமே சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஓர் ஏக்கரிலேயே ஆயிரம் செடிக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து உட்கார்ந்து தடவ வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை. மலையில் கூலிக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் காலம் இது. ஒரு வருடம் 'பார்த்துக்கலாம்' என்று விட்டால், அடுத்த வருடம் அது பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்துத் தலைவலி. வண்டுக்கு வேலி தெரியாது.

கடைசியில் எல்லாம் நிழலில்தான் வந்து நிற்குது!

இத்தனை வேலைக்கும் மேலே, நிஜமாகவே மேலே, இருக்கும் பாதுகாப்பு நிழல் மரம்தான். பலா, அத்தி, கல்யாண முருங்கை, சில்வர் ஓக் என்று கலந்து நிற்கும் மரங்கள் வெயிலை வடிகட்டிக் கொடுக்கின்றன. மண்ணின் ஈரம் காக்கிறது, உதிரும் இலை உரமாகிறது, பறவைகள் வந்து தங்குகின்றன. பூச்சிகளைத் தின்னும் பூச்சிகளும் அங்கேதான் பெருகும். வண்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு அதை அழிக்கும் குட்டிக் குளவிகள்கூட உண்டு.

'அப்போ மரத்தை அடர்த்தியா வளர்த்துட்டா போச்சு!' என்று தோன்றும். அங்கேதான் விவசாயிக்குச் சோதனை. நிழல் அளவுக்கு மீறினால் பூ குறையும், மகசூல் குறையும். காற்றோட்டமில்லாமல் ஈரம் தேங்கினால் பூஞ்சை நோய்கள் தலைகாட்டும். அதனால் மழைக்காலத்தை ஒட்டி மரங்களைக் கவாத்து செய்து வெளிச்சம் விட வேண்டும். அதிகம் வெட்டினால் போரர், வெட்டாமல் விட்டால் பூஞ்சை. கத்திமேல் நடக்கிற கணக்கு இது. காபி விலை இறங்கி, மர விலை ஏறும் வருடத்தில், நிற்கும் மரத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற எண்ணம் வருவதிலும் ஆச்சர்யமில்லை. ஆனால், ஒரு பெரிய மரம் விழுந்தால் அதன் கீழே இருந்த இத்தனை செடிகளும் ஒரே நாளில் வெயிலுக்கு வந்துவிடும். பறக்கும் பருவம் வரும்போது வண்டு முதலில் போவது அங்கேதான்.

கோடை நீள்வதும், மழை தள்ளிப்போவதும், வெயில் நாட்கள் கூடுவதும் வெயில் விரும்பியான இந்த வண்டுக்குச் சாதகமாகத்தான் முடியும். நிழலின் மதிப்பு இனிமேல் இன்னும் கூடும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சரி, காபி குடிக்கிற நமக்கு இதில் என்ன?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். இந்த வண்டு காபிக் கொட்டைக்குள் போவதில்லை. உங்கள் காபிப்பொடியில் இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. கொட்டையைக் குடைவது வேறொரு பூச்சி, காபிக்காய்த் துளைப்பான். கடுகளவே இருக்கும் அந்த வண்டு, இந்தியாவில் முதன்முதலாக 1990-ல் நம் நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. அது தனிக்கதை.

அடுத்த முறை ஏற்காட்டுக்கோ தாண்டிக்குடிக்கோ போனால், காபிச் செடி முன்னால் செல்ஃபி எடுப்பதோடு கொஞ்சம் குனிந்து தண்டையும் பாருங்கள். பட்டை தேய்த்து வழவழப்பாக இருக்கிறதா, வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருக்கிறதா? அங்கே ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு செடியின் முன்னும் உட்கார்ந்து எழுந்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு தலையைத் தூக்கி மேலே பாருங்கள். பலாவும் அத்தியும் தெரிகிறதா? அந்தத் தோட்டத்தின் இன்ஷூரன்ஸ் பாலிசி அதுதான்.

காபிப்பொடி வாங்கும்போது 'இது எந்த மலை, அராபிகா எவ்வளவு, நிழலில் வளர்ந்ததா?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எல்லாக் கடையிலும் பதில் கிடைக்காது. ஆனால், மலைத் தோட்டங்களிலிருந்து நேரடியாக வாங்கி விற்பவர்கள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். கேட்கிறவர்கள் கூடக்கூடத்தான், மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு அதற்கான விலையும் கிடைக்கும்.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே ஒரு டாக்டர் தோட்டம் தோட்டமாக அலைந்து சொல்லிவிட்டுப் போனதுதான். மருந்து மாறிவிட்டது, பொறி வந்துவிட்டது. வண்டு மட்டும் அப்படியேதான் இருக்கிறது, வெயிலுக்காகக் காத்துக்கொண்டு. அதை உள்ளே விடுவதும் விடாததும் மேலே நிற்கும் மரத்தின் கையில் இருக்கிறது. அந்த மரம் நிற்பது, நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. நாளைக்குக் காலையில் டம்ளரை ஆற்றும்போது, அந்தப் பலாமரத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்!